படிக்கச் சொன்னால் செய்துவிட்டு வரும் நிரல்கள்

ஜேசன் என்ற தரவு வடிவத்தில் எழுதிய இந்த ஒரு வரியைப் பாருங்கள்.

{"பெயர்": "வேலு", "பதவிகள்": ["நிர்வாகி"], "பதவிகள்": []}

வேலு நிர்வாகியா, இல்லையா?

'பதவிகள்' இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் தடவை நிர்வாகி என்கிறது, அடுத்த தடவை பதவியே கிடையாது என்கிறது. இதைப் படித்துப் பிரிக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டின் பார்சரிடம் கொடுத்தால் கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டு முந்தையதைத் தூக்கி எறிந்துவிடும். அதன் கணக்கில் வேலு சாதாரண ஆள். வேறு சில பார்சர்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளும், கேட்கும்போது முதலில் கிடைப்பதை எடுத்துக் கொடுக்கும். அவற்றின் கணக்கில் வேலுதான் நிர்வாகி.

இது வெறும் புதிர் அல்ல. அப்பாச்சி கௌச்டிபி என்ற தரவுத்தளத்தில் 2017 நவம்பரில் வெளியான ஓட்டை இதுவேதான். கௌச்டிபி எர்லாங் மொழியில் எழுதப்பட்டது. ஆனால் ஓர் ஆவணத்தைச் சேமிக்கலாமா கூடாதா என்று சோதிக்கும் பகுதி ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓடும். புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர் தனக்குத் தானே பதவி போட்டுக்கொள்ளக் கூடாது என்பது விதி. மேலே உள்ளதைப் போன்ற ஓர் ஆவணத்தை அனுப்பினால், வாசலில் நிற்கும் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டாவது 'பதவிகள்' காலியாக இருப்பதைப் பார்த்து உள்ளே விட்டுவிடும். உள்ளே போனபின் அதே ஆவணத்தை எர்லாங் படிக்கும், முதலாவதை எடுக்கும், ஆளை நிர்வாகி ஆக்கிவிடும். மேக்ஸ் ஜஸ்டிக்ஸ் என்ற ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்தார். இரண்டு பார்சர்களில் எதையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு பொருளுக்குள் பெயர்கள் திரும்ப வராமல் இருப்பது நல்லது என்று மட்டுமே ஜேசன் தரவிதி சொல்கிறது. வந்தால் என்ன செய்வது என்று அது கட்டளையிடவில்லை.

நிரலுக்குள் இருக்கும்வரை தரவுக்கு ஓர் உருவம் உண்டு. பட்டியலுக்குள் பட்டியல், பெயருக்கு எதிரே மதிப்பு, எண் வேறு, எழுத்து வேறு. கம்பி வழியே இன்னொரு கணினிக்குப் போகும்போது அது வெறும் பைட் வரிசை. உருவத்தை வரிசையாக்குவதைச் சீரியலைஸ் செய்வது என்கிறோம். வரிசையிலிருந்து உருவத்தை மீட்பது பார்ஸ் செய்வது. இணையதளங்கள் ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கில் செய்யும் இந்த வேலையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நூலகத்தில் இருக்கும் ஒரு செயலியைக் கூப்பிட்டால் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஒரு வரிக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. வந்ததைப் படிக்க மட்டும் செய்கிறோமா, அல்லது அது சொல்வதைச் செய்துவிடுகிறோமா? நாம் படித்ததும் அடுத்தவர் படிப்பதும் ஒன்றுதானா? இணையப் பாதுகாப்பில் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த பெரிய விபத்துகளில் பலவும் இந்த இரண்டில் ஒன்றில் கோட்டை விட்டதன் விளைவு.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக் கடிதம் வருகிறது. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறாள். 'மாட்டை விற்றுவிடு' என்று எழுதியிருந்தால் அவன் அதை வாசித்துக் காட்டினால் போதும். நேரே தொழுவத்துக்குப் போய், மாட்டை அவிழ்த்து, சந்தையில் விற்றுவிட்டு வந்து நிற்கிற பையனை என்ன சொல்வது? கெட்டிக்காரன்தான், ஆனால் ஊரில் யார் வேண்டுமானாலும் ஒரு கடிதம் போட்டு அந்த வீட்டைக் காலி செய்துவிடலாம்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் இருக்கும் 'இவால்' அந்தப் பையன். கொடுக்கும் எழுத்து வரிசையை நிரலாக எடுத்துக்கொண்டு இயக்கிவிடும். ஜேசனும் இயக்கப்படும் நிரலாகத்தான் பிறந்தது. 2001 ஏப்ரலில் டக்ளஸ் க்ராக்ஃபோர்டும் சிப் மார்னிங்ஸ்டாரும் கலிஃபோர்னியாவில் ஒரு கார் ஷெட்டிலிருந்து அனுப்பிய முதல் ஜேசன் செய்தி, உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்ட்டாகவே ஓடும்படி எழுதப்பட்டிருந்தது. அது வேலை செய்யவும் இல்லை. செய்தியில் ஒரு பெயராக 'டூ' என்ற சொல்லை வைத்திருந்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் அது மொழிக்கென்று ஒதுக்கப்பட்ட சொல். ஒதுக்கிய சொற்களின் நீண்ட பட்டியலைத் தரவிதியில் சேர்க்க மனமில்லாமல், எல்லாப் பெயர்களையும் மேற்கோள் குறிக்குள் போட்டுவிடு என்று முடிவு செய்தார்கள். இன்றைக்கும் ஜேசன் எழுதுகிற ஒவ்வொருவரும் பெயருக்கு இருபுறமும் மேற்கோள் குறி தட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அந்த ஒரு சொல்.

உலாவிகளில் தனி ஜேசன் பார்சர் வந்தது 2009இல். அதுவரை 'இவால்' தவிர வேகமான வழி இல்லை. ஆபத்து தெரிந்தே இருந்தது. 2006 ஜூலையில் வந்த முதல் ஜேசன் தரவிதி ஆவணத்திலேயே ஒரு தற்காப்பு கொடுத்திருந்தார்கள். மேற்கோளுக்குள் இருப்பதையெல்லாம் நீக்கிவிட்டு, மிச்சமிருப்பதில் எண்கள், அடைப்புக்குறிகள், இன்னும் சில எழுத்துகள் தவிர வேறு எதுவும் இல்லையென்றால் 'இவால்' செய்யலாம் என்பது யோசனை. 'ட்ரூ', 'ஃபால்ஸ்', 'நல்' என்ற மூன்று சொற்களை ஜேசன் அனுமதிப்பதால் அவற்றுக்குத் தேவையான எழுத்துகளை மட்டும் விட்டுவைத்தார்கள். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் 'செல்ஃப்' என்ற சொல்லையும் எழுதிவிடலாம். உலாவிக்குள் அந்தச் சொல் முழுச் சாளரத்தையும் குறிக்கும். சல்லடையின் கண் அளவுக்கு இளைத்த திருடனும் இருப்பான் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஜேசன் நிலைத்ததற்குக் காரணம் அதனிடம் இல்லாதவைதான் என்பது என் எண்ணம். அதில் தேதி கிடையாது, குறிப்புரை எழுத வழி கிடையாது, இன்னொரு கோப்பைச் சுட்ட முடியாது, 'இந்த வகுப்பில் ஒரு பொருளை உருவாக்கு' என்று சொல்ல முடியாது. குறிப்புரையை க்ராக்ஃபோர்டு வேண்டுமென்றே நீக்கினார். அதற்குள் பார்சருக்கான கட்டளைகளை எழுத ஆரம்பித்திருந்தார்கள் என்பது அவர் சொன்ன காரணம். வசதி குறைவாக இருக்கிறது என்று அப்போது திட்டியவர்கள் ஏராளம். வசதி நிறைந்த மற்ற வடிவங்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் அந்தக் குறையின் அருமை புரியும்.

1998இல் வந்த எக்ஸ்எம்எல்லில் சுருக்கப் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒரு பெயரை ஓரிடத்தில் வரையறுத்துவிட்டால், அது வரும் இடமெல்லாம் அதன் விரிவு போய் உட்காரும். அந்த விரிவுக்குள் இன்னொரு சுருக்கப் பெயரும் இருக்கலாம். மூன்றெழுத்துச் சொல் ஒன்றுக்கு ஒரு பெயர் கொடுங்கள். அந்தப் பெயர் பத்து முறை வருவதற்கு இன்னொரு பெயர். அது பத்து முறை வருவதற்கு மற்றொன்று. இப்படி ஒன்பது படி ஏறினால், ஒரு கிலோபைட்டுக்குள் அடங்கும் கோப்பு நினைவகத்தில் நூறு கோடிச் சொற்களாக, சுமார் 3 ஜிகாபைட்டாக ஊதிப் பெருகும். சர்வர் மூச்சு முட்டி விழும். சுருக்கப் பெயரின் விரிவு வேறொரு கோப்பில் இருக்கிறது என்று சொல்லவும் எக்ஸ்எம்எல் இடம் கொடுக்கிறது, அது இன்னும் மோசம். சர்வரின் சொந்தக் கடவுச்சொல் கோப்பின் முகவரியை அங்கே எழுதி அனுப்பினால், விவரம் தெரியாத பார்சர் அதைத் திறந்து படித்து நடுவில் ஒட்டிக் கொடுத்துவிடும். பிரேசில் பொறியாளர் ரெஜினால்டோ சில்வா ஃபேஸ்புக்கின் சர்வரிலேயே இப்படியொரு வழியைக் காட்டினார். அதற்காக 33,500 டாலர் பரிசு பெற்றார். 2014 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அந்தத் தொகைதான் அதுவரை ஃபேஸ்புக் ஒரு பிழைக்குக் கொடுத்த பரிசுகளில் மிகப் பெரியது.

யாமல் என்ற வடிவம் கண்ணுக்கு இனிமையானது. மனிதர்கள் எழுதவும் வாசிக்கவும் சுகம். அந்தச் சுகத்துக்காக அது நிறைய ஊகிக்கும். நார்வேயின் இரண்டெழுத்து நாட்டுக் குறியீடு ஆங்கிலத்தில் 'இல்லை' என்ற சொல்லாக இருப்பதால், யாமலின் பழைய 1.1 விதிப்படி நாடுகளின் பட்டியலில் நார்வே 'பொய்' என்று பதிவாகிவிடும். இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. யாமலில் 'இந்த வகுப்பைச் சேர்ந்த பொருள்' என்று குறிப்பிட வழி இருப்பது சிரிக்க முடியாதது. ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற பிரபல கட்டமைப்பு வெளியிலிருந்து வரும் எக்ஸ்எம்எல்லை ஏற்றுக்கொண்டது. அந்த எக்ஸ்எம்எல்லுக்குள் 'இந்தப் பகுதி யாமல்' என்று ஒரு குறி போட்டால் அதையும் விரித்துப் படித்தது. அந்த யாமல் கேட்ட ரூபி பொருளையெல்லாம் உருவாக்கியது. மூன்று படிகளில் எந்த ஒன்றும் தனியாகப் பெரிய பாவம் இல்லை. சேர்த்துப் பார்த்தால், முகம் தெரியாத ஒருவர் ஒரு கோரிக்கை அனுப்பி சர்வரில் தன் கட்டளையை ஓட்டிவிடலாம். 2013 ஜனவரி 8 அன்று இது வெளிவந்தது. மறுநாள் நெதர்லாந்து அரசு தன் குடிமக்களுக்கான டிஜிடி நுழைவு சேவையையே நிறுத்தி வைத்தது. அந்த மாதக் கடைசியில், ரூபி நூலகங்களை உலகத்துக்கு விநியோகிக்கும் ரூபிஜெம்ஸ் தளமும் யாமல் வழியாகவே உடைக்கப்பட்டது.

ஜாவாவின் கதை இதைவிட நீளம். 1997இல் ஜாவாவுக்குள் ஒரு வசதியைச் சேர்த்தார்கள். எந்தப் பொருளையும் அப்படியே பைட்டுகளாக மாற்றலாம், மறுபக்கத்தில் அப்படியே உயிர்ப்பிக்கலாம். எந்த வகுப்பு என்பதையும் பைட்டுகளே சொல்லும். உயிர்ப்பிக்கும்போது அந்த வகுப்பின் தனிச் செயலி ஒன்று தானாக ஓடும். பொருளைப் பார்த்து 'நான் எதிர்பார்த்த வகைதானா இது' என்று நிரல் சோதிக்கும்போது அந்தச் செயலி ஏற்கெனவே ஓடி முடிந்திருக்கும். தாக்குகிறவர் புது நிரல் எதையும் அனுப்ப வேண்டியதில்லை. சர்வரிலேயே கிடக்கும் நூலகங்களிலிருந்து பொருத்தமான வகுப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்று இன்னொன்றைக் கூப்பிடும்படி கோத்து அனுப்பினால் போதும். 2015 ஜனவரியில் கேப்ரியல் லாரன்ஸ், க்ரிஸ் ஃப்ரோஹாஃப் இருவரும் ஒரு கருத்தரங்கில் இதைச் செய்தே காட்டினார்கள். அப்பாச்சி காமன்ஸ் கலெக்ஷன்ஸ் என்ற, எங்கும் பயன்படும் சாதுவான நூலகம்தான் அவர்களின் கச்சாப் பொருள். பத்து மாதம் பெரிய சலனம் இல்லை. நவம்பரில் இன்னொரு குழு வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ், ஜென்கின்ஸ் என்று பெரிய நிறுவனங்கள் நம்பியிருந்த மென்பொருள்களை ஒவ்வொன்றாக அதே வழியில் திறந்து காட்டியபோதுதான் வீடு பற்றியெரிவது தெரிந்தது. ஜாவாவின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரெய்ன்ஹோல்டே, 1997இல் அந்த வசதியைச் சேர்த்தது தவறு என்று 2018இல் வெளிப்படையாகச் சொன்னார்.

ஆக, வெளியிலிருந்து வருவதற்கு ஜேசன் மாதிரி ஊமை வடிவமே போதும், சரி. ஊமைக்கும் இரண்டாவது கேள்வி விடாது. கௌச்டிபியில் பார்த்தோமே, அது. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த நிக்கோலாஸ் செரியோ 2016இல் பல மொழிகளின் ஜேசன் பார்சர்களை எடுத்து, விதியின் ஓரங்களைத் தொடும் உதாரணங்களை வரிசையாகக் கொடுத்துச் சோதித்தார். எந்த இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. கடைசி மதிப்புக்குப் பிறகு காற்புள்ளி இருந்தால் சிலது ஏற்கும், சிலது மறுக்கும். ஒரு லட்சம் திறப்பு அடைப்புக்குறிகளை மட்டும் அனுப்பினால், அதாவது வெறும் 100 கிலோபைட் அனுப்பினால், தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டு உள்ளே இறங்கும் வகைப் பார்சர் மீள முடியாமல் நின்றுவிடும்.

எண்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஜேசனில் எண் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் வழக்கமாக எண்களை வைத்துக்கொள்ளும் முறையில், சுமார் 9,007 லட்சம் கோடிக்கு மேல் முழு எண்கள் ஒன்று விட்டு ஒன்றாகத்தான் கிடைக்கும். 9007199254740993 என்று எழுதி ஜாவாஸ்கிரிப்ட்டிடம் கொடுத்துப் பாருங்கள், 9007199254740992 என்று திருப்பித் தரும். பிழைச் செய்தி எதுவும் வராது. 2010இல் ட்விட்டர் தன் பதிவு எண்களை 64 பிட்டுக்கு மாற்றியபோது இந்தச் சுவரில்தான் மோத வேண்டியிருந்தது. அதனால் அதே எண்ணை எண்ணாக ஒரு முறை, மேற்கோளுக்குள் எழுத்தாக இன்னொரு முறை என்று இரட்டையாக அனுப்பத் தொடங்கினார்கள். வங்கிக் கணக்கு எண், ரசீது எண் போன்றவற்றைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லையே, அவற்றை எழுத்தாகவே அனுப்பிவிடலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு பொறி உண்டு. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறிகள் ஒவ்வொன்றும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல் ஐந்து குறிகள், 15 பைட். நீண்ட தரவு வலை வழியே துண்டு துண்டாகத்தான் வரும், துண்டு எங்கே விழும் என்பது பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு அல்ல. ஒவ்வொரு துண்டும் வந்தவுடன் எழுத்தாக்கி ஒட்டிக்கொண்டே போகும் நிரலில், 'ழ'வின் முதல் பைட் ஒரு துண்டிலும் மிச்சம் இரண்டு அடுத்ததிலும் விழுந்தால் அந்த இடத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம்தான் மிஞ்சும். ஆங்கிலத் தரவை வைத்து எத்தனை முறை சோதித்தாலும் இது கண்ணில் படாது, ஏனென்றால் அங்கே எழுத்துக்கு ஒரு பைட். பைட்டுகளை முழுவதும் சேர்த்த பிறகே எழுத்தாக்க வேண்டும், அல்லது பாதி எழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரிந்த மாற்றியைப் பயன்படுத்த வேண்டும்.

எழுதும் பக்கம் வருவோம். ஜேசனைக் கையால் ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு மேற்கோள் குறி, பயனர் தட்டிய பெயர், இன்னொரு மேற்கோள் குறி. பயனர் தன் பெயருக்குள்ளேயே மேற்கோள் குறி போட்டு, காற்புள்ளி வைத்து, 'பதவிகள்' என்று தொடர்ந்து எழுதினால் என்னாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. நூலகத்தின் சீரியலைசர் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. தான் எழுதுவது எங்கே போய் உட்காரப் போகிறது என்பது அதற்குத் தெரியாது. ஜேசனை வலைப்பக்கத்தின் நடுவே ஸ்கிரிப்ட் பகுதிக்குள் வைப்பது சகஜம். யாரோ தன் பெயரை </ஸ்கிரிப்ட்> என்று ஆங்கிலத்தில் தட்டியிருந்தால், ஜேசனைப் பொறுத்தவரை அது குற்றமில்லாத எழுத்து. அந்தப் பக்கத்தை முதலில் படிப்பதோ எச்டிஎம்எல் பார்சர். அதற்கு ஜேசனும் தெரியாது, மேற்கோளும் தெரியாது. ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அடுத்து வருவதைப் பக்கத்தின் பகுதியாகவே நினைக்கும். அதனால்தான் விவரம் தெரிந்த கட்டமைப்புகள் '<' குறியை நேரடியாக எழுதாமல் அதன் யூனிகோட் எண்ணாக எழுதுகின்றன. ஜேசன் பார்சருக்கு இரண்டும் ஒன்று, எச்டிஎம்எல் பார்சரின் கண்ணுக்கு அங்கே எதுவும் இல்லை.

வடிகட்டி ஒன்றாகவும் உலாவி வேறாகவும் படித்ததால் நடந்ததில் பிரபலமானது 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் பரவிய சாமி புழு. 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லை மைஸ்பேஸ் வெட்டியெறியும். சாமி கம்கார் அந்தச் சொல்லின் நடுவில் வரியை உடைத்து எழுதினார். வடிகட்டிக்கு அது இரண்டு அப்பாவிச் சொற்கள். சில உலாவிகளுக்கோ அது இயக்க வேண்டிய கட்டளை. ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் தங்களுக்குத் தெரியாமலே அவருக்கு நண்பர்களானார்கள்.

அந்த உலாவிகள் அப்படி நடந்துகொண்டதற்குப் பின்னால் ஒரு பழைய நல்லெண்ணம் இருந்தது. அனுப்பும்போது கறாராக இரு, பெறும்போது தாராளமாக இரு என்று இணையத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980களின் தொடக்கத்தில் சொன்னார். வலையமைப்பே தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் அது இல்லாமல் எதுவும் ஓடியிருக்காது. ஆனால் தாராளத்துக்கு ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவு வைத்துக்கொள்வதுதான் தாக்குகிறவரின் நிலம். தாராளம் காலப்போக்கில் நெறிமுறைகளைக் கெடுக்கிறது என்று இணையக் கட்டமைப்பு வாரியமே 2023இல் தனி ஆவணம் வெளியிட்டது. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. இரட்டைப் பெயர் வந்தால், தெரியாத புலம் வந்தால், வயது என்ற இடத்தில் பட்டியல் வந்தால், சரிசெய்து பார்க்காமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அளவும் ஆழமும் எவ்வளவு வரை என்பதைப் படிக்கத் தொடங்குமுன்பே முடிவு செய்திருக்க வேண்டும். வந்ததை ஒரே முறை படித்து, சோதித்த அந்த உருவத்தையே உள்ளே அனுப்ப வேண்டும். மூலப் பைட்டுகளை உள்ளே தள்ளி, அங்கே இன்னொருவர் மறுபடி படிக்கும்படி விட்டால் கௌச்டிபி கதைதான்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு. பணப் பரிவர்த்தனை முடிந்ததும் பேமென்ட் கேட்வே நம் சர்வருக்குச் செய்தி அனுப்பும், கூடவே ஒரு கையொப்பமும் வரும். அந்தக் கையொப்பம் பைட்டுகளுக்கு உரியது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் ஜேசனைப் பார்ஸ் செய்து, பிறகு அதையே திரும்பச் சீரியலைஸ் செய்து ஒப்பிடுவார்கள். இடைவெளி மாறியிருக்கும், 500.00 என்பது 500 ஆகியிருக்கும், கையொப்பம் பொருந்தாது. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டபின் சோதனையையே தூக்கிவிடுகிறவர்களும் உண்டு. வந்த பைட்டுகளைத் தொடாமல் வைத்து, கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகுதான் பார்சரைக் கூப்பிட வேண்டும்.

இந்தச் சங்கதி இப்போது வேறொரு துறையில் முதலிலிருந்து நடந்துகொண்டிருக்கிறது. பைத்தானின் 'பிக்கிள்' என்ற சீரியலைஸ் முறை ஜாவாவினுடையதைப் போன்றதே. படிக்கும்போது எந்தச் செயலியையும் கூப்பிடச் சொல்லலாம். நம்பாத கோப்பைப் பிரிக்காதே என்று அதன் அதிகாரபூர்வக் கையேடே எச்சரிக்கிறது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பல ஆண்டுகள் அந்த வடிவத்தில்தான் சேமித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஏற்றிய கோப்புகளை உலகம் முழுக்கப் பதிவிறக்கித் திறந்தார்கள். எண்களை மட்டும் வைக்கும், எதையும் இயக்காத 'சேஃப்டென்சர்ஸ்' என்ற வடிவத்தை ஹக்கிங் ஃபேஸ் நிறுவனம் கொண்டுவந்தது. அந்த மாதிரிகளை உருவாக்க உதவும் பைடார்ச் நூலகத்தின் 2025 ஜனவரியில் வந்த 2.6 பதிப்பு, மாதிரிக் கோப்பிலிருந்து எடைகள் எனப்படும் எண்களை மட்டும் படிப்பதையே இயல்புநிலை ஆக்கியது. பழைய நிரல்கள் பல அன்றைக்கே பிழை காட்டி நின்றன. கோப்பு நம்பகமான இடத்திலிருந்து வந்திருந்தால் மட்டும் பழைய நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அந்தப் பிழைச் செய்தி வழியும் சொல்கிறது. அதில் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் நகலெடுத்து ஒட்டுவதற்கு ஒரு நொடி போதும்.